அஞ்சாப் பிரி

எனக்குப் பணம் வேண்டியிருந்தது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.
மகளுக்குக் கல்லூரியில் இரண்டு தவணை பாக்கி.

சாட்ஸ்வர்த், ஐந்தாம் யூனிட்.
ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்குபோடும் வீடு.
அந்தப் பக்கம் மிஸஸ் ரெட்டி தும்மினால்
இந்தப் பக்கம் நாங்கள் நூறாயுசு என்போம்.
பத்திரத்தில் நாலு பெயர்.
ஏஜென்ட் சொன்ன விலை பதினோரு லட்சம் ராண்ட்.
நாலால் வகுக்க எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.
எங்களுக்குத்தான் மூன்று வருஷமாகத் தெரியவில்லை.

கிஸ்டன் அண்ணன் ஒரு ஷூ பெட்டி நிறைய
ரசீது கொண்டுவந்தான்:
கூரை, தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கம்பி,
திருடன் வந்துபோன பிறகு போட்ட இரும்புக் கதவு.
விற்றதும் முதலில் இதைக் கழி என்றான்.
மோகாம்பாள் அக்கா
பெர்த்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து
விற்கவே கூடாது என்றாள்.
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவளுக்கு
வந்து இறங்க ஒரு வாசல் வேண்டுமாம்.
அந்த வாசலை யார் கூட்டுவது என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

பூபாலன் அங்கேயே குடியிருப்பவன்.
வாயே திறக்கவில்லை,
மேசை விரிசலில் நகத்தால் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான்.
அவன் மனைவி ரஞ்சினி அடுப்படியிலிருந்து சொன்னாள்:
மாமாவை நாலு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டினோம்,
அதற்கு யாரும் ரசீது தரவில்லையே.

ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.
நாங்கள் சண்டை போடுவதும் ஆங்கிலத்தில்தான்.
தமிழ் எங்களுக்குச் சாவுக்கும் பூசைக்கும்.

ஜூலை மாதம். ஆறு மணிக்கே ராத்திரி.
அட்டவணை சொன்னபடி மின்சாரம் போனது,
இரண்டு மணி நேரத்துக்கு.
மெழுகுவர்த்தி தேட யாரும் எழவில்லை.
ஃபோனை எடுத்த கை ஒன்று
திரும்பப் பைக்குள் போனது.
எதிரில் முகம் இல்லாதபோது
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எவ்வளவு நேரமோ.
அப்புறம் ஒரு குரல்:

"வித்துடு. அஞ்சாப் பிரி. பூபாலுக்கு ரெண்டு."

தமிழில்.

இருட்டிலேயே கணக்குப் போட்டேன்.
எனக்கு ஐம்பத்தைந்தாயிரம் குறைகிறது.
வாயைத் திறந்தேன்.
பக்கத்தில் ஷூ பெட்டிக்கு மூடி போடும் சத்தம் கேட்டது,
அட்டை அட்டையோடு உரசி, மெல்ல.
வாயை மூடிக்கொண்டேன்.
சரி என்றது ஒன்று.
சரி என்றது இன்னொன்று.
ம்.
யாருடையது எது என்று தெரியவில்லை.
எங்கள் நாலு பேருக்கும் தொண்டை ஒன்றுதான்,
அப்பா கொடுத்ததில்
பத்திரம் இல்லாமலே பிரித்துக்கொண்டது அது மட்டும்.

எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்தது.
வெளிச்சத்தில்
எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்தோம்.

அக்காதான் என்கிறான் அண்ணன்.
தமிழில் எண்ணவே தெரியாது என்கிறாள் அக்கா.
பொய். மாலைப் பள்ளிக்கூடத்தில் பத்து வரைக்கும்
சேர்ந்துதானே கத்தினோம்.
பூபாலனே சொல்லிக்கொண்டிருப்பான் என்று
அண்ணி கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தாள்.
மிஸஸ் ரெட்டியாகவும் இருக்கலாம்,
முப்பது வருஷமாக எல்லாம் கேட்டவள்.
ஆனால் அவளுக்குத் தெலுங்குதான்.
பேய் இல்லை. பேய்க்கு வகுத்தல் வராது.

கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல் கேட்டார்,
நாலு பேருக்கு ஐந்து பங்கு, யாருடைய யோசனை?
நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.
கீழே டாக்ஸிக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தவணை கட்டிவிட்டேன்.
இன்னொன்று பாக்கி.

நேற்று என் வீட்டிலும் மின்சாரம் போனது.
மகள் வெளியே போயிருந்தாள்.
கதவைச் சாத்திவிட்டு,
அதே வார்த்தைகளை
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா குரல் மாதிரி இருந்தது.